அருங்காட்சியக வேலைக்குப் படிக்க மொன்றியல்

இந்த அத்தியாயத்தைத் திறந்ததும் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பிரெஞ்சு எவ்வளவு வரும்? மொன்றியலில் அருங்காட்சியகவியல் என்ற பெயரிலேயே கிடைக்கும் முதுகலைப் பட்டம் ஒன்றுதான். மொன்றியல் பல்கலைக்கழகமும் யூகாம் என்று எல்லோரும் அழைக்கும் கியூபெக் பல்கலைக்கழகத்தின் மொன்றியல் கிளையும் 1987 முதல் சேர்ந்து நடத்தும் படிப்பு அது. மொத்தம் 45 கிரெடிட். வகுப்பு, கட்டுரை, விவாதம் எல்லாமே பிரெஞ்சில். பிரெஞ்சு தெரியாதவருக்கு இந்த நகரத்தில் வேறு வழிகள் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் அவை சுற்றுவழிகள் என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த இடத்தில் மொன்றியலில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 1977இல் வந்த மொழிச் சட்டத்தால், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் பிரெஞ்சில்தான் படித்தாக வேண்டும். அன்றைக்கு அதை நொந்துகொண்ட பெற்றோர் எத்தனையோ பேர். அதன் பலனாகப் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-தெ-நேஜிலும் வளர்ந்த ஒரு தலைமுறை, வீட்டில் தமிழும் வகுப்பில் பிரெஞ்சும் தெருவில் ஆங்கிலமுமாகப் பேசுகிறது. அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்ட ஆட்களைத் தேடுகின்றன. நம் வீடுகளிலோ கணக்கியல், மருந்தாளர், ஐ.டி. என்பதைத் தாண்டிப் பேச்சே எழுவதில்லை. "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம்?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

அருங்காட்சியகத்துக்குள் எத்தனை தொழில்கள்

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பெட்டியும் காவலாளியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உள்ளே நடப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் பல தொழில்கள். சேகரிப்பை ஆராய்ந்து காட்சியைத் திட்டமிடும் காப்பாட்சியர் ஒருவர். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, யார் கொடுத்தது, யாருக்கு இரவல் போயிருக்கிறது, காப்புறுதி எவ்வளவு என்று கணக்கு வைக்கும் பதிவாளர் இன்னொருவர். பழுது பார்ப்பவர், பார்வையாளருக்கு விளக்குபவர், பள்ளிக் குழுக்களுக்கு நிகழ்ச்சி அமைப்பவர், காட்சி அறையை வடிவமைப்பவர், ஆவணக் காப்பாளர் என்று வரிசை நீளும். எல்லோருக்கும் ஒரே பட்டம் தேவையில்லை. என் கருத்தில், எந்தப் பல்கலைக்கழகம் என்று யோசிப்பதற்கு முன் இவற்றில் எது உங்களுக்குப் பிடிக்கும் என்று தீர்மானிப்பதே முறை. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பட்டம் வாங்கிய பிறகுதான், தனக்குப் பிடித்தது பதிவு அறையின் அமைதி, பள்ளிக் குழுக்களின் இரைச்சல் இல்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது.

இதில் யாரும் கவனிக்காதது பதிவாளர் வேலை. அதன் அருமை தெரிய 1972க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி அதிகாலை, ஷெர்புரூக் தெருவில் உள்ள மொன்றியல் நுண்கலை அருங்காட்சியகத்துக்குள் ஆயுதம் ஏந்திய மூவர், பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்த கூரைச் சாளரம் வழியாக இறங்கினார்கள். 18 ஓவியங்களும் சிறு பொருள்கள் சிலவும் போயின. ஓவியங்களில் ரெம்பிராண்ட் வரைந்ததாகக் கருதப்பட்ட நிலக்காட்சி ஒன்றும் இருந்தது. ஒரே ஓர் ஓவியம் மட்டும் திரும்பி வந்தது. மற்றவை இன்றுவரை அகப்படவில்லை. என்றைக்காவது ஓர் ஏல அறையில் அவற்றுள் ஒன்று தலைகாட்டினால், அது நம்முடையது என்று நிறுவப் போவது பழைய புகைப்படமும் அளவும் கோப்பில் குறித்துவைத்த கீறல்களும்தான். பதிவாளர் வேலை என்பது அதுவே.

ஒரு கூறைச் சேலையை எப்படி உள்ளே எடுப்பது

வகுப்பில் சொல்லித்தருவது என்ன என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் அன்ரி, தன் கூறைச் சேலையை ஒரு நகர அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் பட்டு, சிவப்பு, அகலச் சரிகைக் கரை. "மகளுக்கு வேண்டாமாம், பிள்ளை. நீங்கள் பத்திரமா வைப்பியள்தானே?" என்கிறார்.

எடுத்த எடுப்பில் வாங்கிவிடக் கூடாது. அருங்காட்சியகத்துக்கு ஒரு சேகரிப்புக் கொள்கை இருக்கும். குடியேற்ற வரலாறு அதில் அடங்குகிறதா, இதுபோன்ற சேலை ஏற்கெனவே இருக்கிறதா, வைக்க இடம் உண்டா என்று பார்த்த பிறகுதான் கைச்சாத்து. கொடையுறுதிப் பத்திரத்தில் உரிமை முழுவதும் நிறுவனத்துக்கு மாறுகிறது என்று எழுதியிருக்கும். அதை அன்ரிக்குத் தமிழில் விளக்க வேண்டும். எந்த அருங்காட்சியகமும் தன் சேகரிப்பில் சிறு பகுதியைத்தான் எந்த நேரத்திலும் காட்சியில் வைத்திருக்கும். அவர் சேலை பல வருடம் பெட்டிக்குள்ளேயே இருக்கக்கூடும். இதைச் சொல்லாமல் விட்டால், பேரப்பிள்ளைகளோடு வந்து தேடிப் பார்த்துவிட்டு மனம் கசந்து போவார்.

அடுத்தது நிலை அறிக்கை. மேசையில் துப்புரவான காகிதம் விரித்து, ஒரு பக்கமாகச் சாய்த்த விளக்கொளியில் பார்க்க வேண்டும். அப்போதுதான் மடிப்புக் கோட்டில் நூல் நைந்திருப்பது தெரியும். சரிகையில் உள்ள வெள்ளி கறுத்திருக்கும். முந்தானையில் மஞ்சள் கறை இருக்கலாம். அதைத் துடைக்கப் போகாதீர்கள். அது திருமண நாளின் சான்று, அறிக்கையில் அளவோடும் இடத்தோடும் பதிய வேண்டியது. சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர். ஒரே படத்தில் அடங்காது. பகுதி பகுதியாகப் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் அளவுகோலும் நிற அட்டையும் தெரியும்படி வைப்பார்கள்.

பிறகு எண். உதாரணமாக 2025.14.1 என்றால், 2025இல் வந்த பதினான்காவது கொடையின் முதல் பொருள். மண்பாண்டம் என்றால் நீக்கக்கூடிய ஒரு பூச்சு தடவி அதன்மேல் எண்ணை எழுதலாம். துணியில் எழுதவே கூடாது. பருத்தி நாடாவில் எண்ணை எழுதி, ஓரத்தில் உள்பக்கமாக இரண்டு தையல். தையலும் நூலுக்கு இடையில் போக வேண்டும், நூலைக் குத்தக் கூடாது. பூச்சிச் சந்தேகம் இருந்தால் பாலித்தீனில் காற்றுப் புகாமல் அடைத்து, ஆழ்குளிர்ப் பெட்டியில் நாள்கணக்கில் வைப்பார்கள். வீட்டில் நாம் போடும் பாச்சை உருண்டைக்கு இங்கே இடமில்லை. கடைசியில் சேலையை மடிக்காமல், அமிலமற்ற மெல்லிய தாளை இடையிட்டு, ஓர் உருளையில் சுற்றிக் கிடத்துவார்கள். காட்சிக்கு வைக்கும்போது பட்டுக்கு ஒளி 50 லக்ஸ் அளவில் இருக்க வேண்டும். பார்வையாளர்கள் "ஏன் இப்படி இருட்டாக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது இதனால்தான்.

இத்தனைக்கும் நடுவே முக்கியமானது அன்ரியின் வாய்மொழி. யார் நெய்தது, எந்தக் கடை, எத்தனை முறை உடுத்தார், விமானத்தில் வரும்போது எந்தப் பெட்டியில் இருந்தது? இவை இல்லாத சேலை வெறும் பட்டு. பெரும்பாலான பதிவாளர்களால் இந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்க முடியாது. உங்களால் முடியும்.

ஆங்கிலத்தில் படிக்க விரும்புவோர்

பிரெஞ்சு இல்லாதவர்களுக்கு இரண்டு வளாகங்கள் இருக்கின்றன. மக்கில் பல்கலைக்கழகத்தின் தகவலியல் பள்ளி தரும் 48 கிரெடிட் முதுகலை, நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் ஆள் தயாரிப்பது. அருங்காட்சியகத்தின் தரவுத்தளம், மின்மயப் பதிவு, புகைப்படத் தொகுப்பு போன்ற பக்கம் போக நினைப்பவர்களுக்கு அது நன்றாகவே உதவும். நடந்துபோகும் தூரத்தில், பல்கலைக்கழக வாசலுக்கு எதிரிலேயே மக்கோர்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகம். வில்லியம் நோட்மன் என்ற 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படக்காரரின் ஸ்டூடியோவிலிருந்து வந்த படங்கள் மட்டும் அங்கே 4 லட்சத்துக்கும் மேல். கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களை எப்படி நிறுத்தி வைப்பது என்பது போன்றவற்றைப் பாடப் புத்தகத்தில் படிப்பது வேறு, அங்கே போய்ப் பார்ப்பது வேறு.

கொன்கோடியா பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு, வரலாறு ஆகிய துறைகள் வழியாக நுழையலாம். அங்குள்ள வாய்மொழி வரலாற்று மையம் நம்மவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. போராலும் இனப்படுகொலையாலும் இடம்பெயர்ந்த மொன்றியல்வாசிகளின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்யும் திட்டம் ஒன்று 2007 முதல் 2012 வரை அங்கே நடந்தது. ருவாண்டா, கம்போடியா, ஹெயிட்டி நாட்டு மக்களும் யூத இனப்படுகொலையில் தப்பியவர்களும் பேசினார்கள். பல்கலைக்கழக ஆய்வாளரும் அந்தந்தச் சமூகத்தாரும் சேர்ந்து நேர்காணல் செய்தது அதன் தனிச்சிறப்பு. அதிலிருந்து பிறந்த காட்சி அப்போதைய மொன்றியல் வரலாற்று மையத்தில் வைக்கப்பட்டது. பழைய தீயணைப்பு நிலையத்தில் இயங்கிய அந்த மையமே, மெம் என்ற சுருக்கப் பெயரோடு 2023இல் சான்-லோரான் தெருவில் புதுக் கட்டடத்தில் திறந்தது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து மீட்கப்பட்ட 155 தமிழர்களில் பலர் பிறகு வந்து சேர்ந்தது மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும்தான். அவர்களுக்கு வயதாகிறது. அவர்கள் கதையை முறையாகப் பதிவு செய்யப் பயிற்சி பெற்ற தமிழ் மாணவருக்கு ஆய்வுத் தலைப்பைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

பொருள்களைப் பழுது பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் மொன்றியலில் காத்திருக்க வேண்டாம். அதற்கான முதுகலை கனடாவில் கிங்ஸ்டனில் உள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இளங்கலையிலேயே வேதியியல் படித்திருக்க வேண்டும். கைவேலையில் தேர்ச்சி காட்டவும் சொல்வார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலத்தில் அருங்காட்சியக முதுகலை உண்டு. அந்த நகரில் உறவினர் இருந்தால் செலவுக் கணக்கில் அதையும் சேர்த்துப் பாருங்கள். ஆய்வுப் பக்கம் நீண்ட தூரம் போக விரும்புவோருக்கு, யூகாமில் அருங்காட்சியகவியலும் மரபுரிமையும் சேர்ந்த முனைவர் பட்டம் இருக்கிறது, அதுவும் பிரெஞ்சில்.

நகரமே வகுப்பறை

விண்ணப்பிக்கும் முன்பே மொன்றியல் அருங்காட்சியகங்களைப் பார்த்து முடித்துவிடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கியூபெக்வாசிகளுக்குப் பல இடங்கள் இலவசம். எவை என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது ஓவியத்தை மட்டும் பார்க்காமல், விளக்கு எங்கிருந்து விழுகிறது, வாசகப் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது, சக்கர நாற்காலியில் வருபவர் எங்கே திரும்புவார் என்று பாருங்கள்.

மக்கில் வளாகத்தில் உள்ள ரெட்பாத் 1882இல் திறந்தது. கனடாவில் அருங்காட்சியகத்துக்கென்றே கட்டிய பழைய கட்டடம் அது. மரப்படி ஏறினால் டைனோசர் எலும்புக்கூடும் எகிப்திய மம்மியும் ஒரே கூரையின் கீழ். 19ஆம் நூற்றாண்டு அறிவை எப்படி அடுக்கியது என்பதற்கு அதுவே சாட்சி. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பழைய துறைமுகத்தில் உள்ள புவான்ட்-ஆ-கலியேர் அதற்கு நேர் எதிர். 1642இல் நகரம் தோன்றிய இடத்தின் மேலேயே, அகழ்ந்த சுவர்களை அவை கிடைத்த இடத்தில் விட்டுவைத்து, 1992இல் திறந்தார்கள். பழைய கழிவுநீர்க் கால்வாய்க்குள்ளேயே பார்வையாளர் நடக்கலாம். கீழடியில் தோண்டிய குழிகளை எப்படிக் காட்டுவது என்ற பேச்சு நடக்கும் இந்தக் காலத்தில் ஒரு தமிழ் மாணவர் அங்கே ஒரு முழுநாள் செலவழிக்கலாம்.

எனக்குப் பிடித்தது இவை இரண்டும் அல்ல. நகரின் தென்-மத்தியில், ஒரு பழைய பொதுக் குளியலறைக் கட்டடத்தில் இயங்கும் எக்கோமியூசே து ஃபியே மோந்து. தொழிலாளர் குடியிருப்பின் வரலாற்றை அங்கே வாழ்ந்தவர்களைக் கொண்டே சொல்லும் சிறு இடம் அது. 1980இல் தொடங்கியது. நீச்சல் குளமாக இருந்த தொட்டிதான் இப்போது காட்சிக் கூடம். பெரிய நிறுவனத்தில் பயிற்சி மாணவருக்கு ஒரே ஒரு மேசை வேலைதான் கிடைக்கும். இதுபோன்ற சிறு இடத்தில் காலையில் பதிவு, மதியம் பள்ளிக்குழு, மாலையில் அழைப்பிதழ் என்று எல்லாம் உங்கள் தலையில் விழும். முதல் பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது இதுபோன்ற இடங்களையே.

பொருள் எங்கிருந்து வந்தது

இப்போது வகுப்புகளில் பெரும்பகுதி நேரத்தைப் பிடிப்பது இந்தக் கேள்விதான். 2015இல் கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் 67ஆவது பரிந்துரையில், பழங்குடி மக்களோடு சேர்ந்து அருங்காட்சியகக் கொள்கைகளை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. கனேடிய அருங்காட்சியகச் சங்கம் 2022இல் அதற்கான அறிக்கையை வெளியிட்டது. மக்கோர்ட் ஸ்டூவர்ட்டில் 2021இல் திறந்த பழங்குடியினர் காட்சியை அமைத்தவர் வென்டாட் இனத்தைச் சேர்ந்த எலிசபெத் கைன். யாருடைய பொருளோ அவர்களே அதைப் பற்றிப் பேச வேண்டும் என்ற எண்ணம் வேலைக்கு ஆள் எடுப்பதிலும் வந்துவிட்டது. நேர்முகத் தேர்வில் இதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் காட்சியகம் 2008இல் வாங்கியது. அது எந்தக் கோயிலுடையது என்பதைக் காட்டப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படத் தொகுப்பு கைகொடுத்தது. 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு கனடாவும், கஜுராஹோவைச் சேர்ந்த கிளி ஏந்திய பெண்ணின் சிற்பம் ஒன்றை இந்தியப் பிரதமரிடம் கொடுத்தது. ஒரு வெண்கலத்தின் பீடத்தில் உள்ள எழுத்தைப் படித்து, எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லும் ஆள் வட அமெரிக்க அருங்காட்சியகங்களில் மிகக் குறைவு. தமிழும் கிரந்தமும் வாசிக்கத் தெரிந்து, பிரெஞ்சும் தெரிந்தால், புதுச்சேரி ஆவணங்களும் உங்களுக்குத் திறக்கும். இந்தச் சேர்க்கைக்குப் போட்டி மிகச் சிறிது.

விண்ணப்பமும் காகிதங்களும்

இலையுதிர்காலச் சேர்க்கைக்கான கெடு பெரும்பாலும் பனி உருகும் முன்பே முடிந்துவிடும். நோக்கக் கடிதத்தில் "சிறு வயதிலிருந்தே வரலாற்றில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். தேர்வுக் குழு அதை நூறு முறை படித்திருக்கும். ஒரு காட்சியைப் பெயர் சொல்லி, அதில் எது சரியாக அமைந்தது, எது அமையவில்லை, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். கோவில் மலர், ஊர்ச் சங்கத்தின் பழைய படங்கள், நூலகம் திட்டத்துக்கு நூல்களை ஸ்கேன் செய்தது என எதில் கைவைத்திருந்தாலும் எழுதுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகத்தில் வேலை செய்தவருக்கு, மேல்விவரப் பதிவு என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு, மத்திய அரசின் படிப்பு அனுமதிக்கு முன்பே கியூபெக் அரசின் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். இது ஒரு கூடுதல் படி. இதற்கு எடுக்கும் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விமானச் சீட்டு எடுக்காதீர்கள். பயிற்சி பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதி என்றால், அதற்கெனத் தனி வேலை அனுமதி தேவையா என்பதைப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கட்டணத்தில் கியூபெக்வாசிக்கும் வெளிநாட்டவருக்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு. பிரான்ஸ் குடியுரிமை உள்ளவர்களுக்கு உடன்படிக்கைப்படி சலுகை உண்டு. பாரிசில் லா ஷப்பேல் பக்கம் வளர்ந்து பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது.

படிக்கும்போதே கியூபெக் அருங்காட்சியகச் சங்கத்தின் வேலை விளம்பரப் பக்கத்தை வாரம் ஒரு முறை பாருங்கள். 1958இல் தொடங்கிய சங்கம் அது. இந்த மாகாணத்தின் அருங்காட்சியக வேலைகளில் பெரும்பாலானவை அங்கேதான் வரும். விண்ணப்பிக்காவிட்டாலும் படியுங்கள். எந்தத் தகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று கவனித்து, அடுத்த பருவப் பாடங்களை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். கனடா அரசின் கோடைகால இளைஞர் வேலைத் திட்டத்தில் அருங்காட்சியகங்களுக்கும் நிதி உண்டு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அதற்குத் தகுதி பெறுவர். தொடக்க வேலைகள் பல ஒப்பந்த அடிப்படையில், ஒரு காட்சிக்கு அல்லது ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே. முதல் சில வருடம் இப்படித்தான் போகும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டாவது ஒப்பந்தம் முடியும் முன்பே மூன்றாவதுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.